காலரா நஞ்சைக் கண்டுரைத்த வங்கத்துப் பேரறிஞர்

காலையில் கலப்பையைத் தோளில் சுமந்து வயலுக்குச் சென்றவரை அந்தி சாய்வதற்குள் மையவாடிக்குச் சுமந்து செல்ல வைத்த நோய் ஒன்று உண்டு. நம் முன்னோர் அதனை வாந்திபேதி என்றனர். மேனாட்டார் காலரா என்றனர். காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை, பல நாள் படுக்கை இல்லை. கழுநீர் போன்ற பேதி சில மணி நேரம் ஓயாது ஒழுகும்; கண்கள் குழிவிழும்; குரல் அடங்கும்; தோல் சுருங்கும்; உயிர் பிரிந்துவிடும். உடலின் நீரனைத்தும் வெளியேறிய பின் எஞ்சுவது உலர்ந்த கூடு மட்டுமே.

கங்கை கடலொடு கலக்கும் வங்கக் கழிமுகமே இந்நோயின் பழைய இருப்பிடம். 1817-ஆம் ஆண்டில் ஜெஸ்ஸூரில் மூண்ட கொள்ளைநோய் கடல் கடந்து உலகை வலம் வரத் தொடங்கியது. புனித ஹஜ்ஜை நாடிச் சென்ற மக்களையும் அது விட்டுவைக்கவில்லை. 1865-ஆம் ஆண்டில் ஹிஜாஸில் கூடியிருந்த ஏறத்தாழ 90,000 ஹாஜிகளுள் 15,000 பேர் வரை மாண்டனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அங்கிருந்து நோய் எகிப்துக்கும், எகிப்திலிருந்து ஐரோப்பாவுக்கும் பாய்ந்தது. அதற்கு மறு ஆண்டே அரசுகள் பல கான்ஸ்டாண்டிநோபிளில் மாநாடு கூட்டி, ஹஜ் பயண வழிகளில் நோய்த்தடுப்புக் காவல் நிலையங்களை நிறுவுவது பற்றி ஆய்ந்தன. செங்கடலின் ஓரத்தில், ஸீனாய்த் தீபகற்பத்தில் உள்ள தூர் என்னும் துறையில் அத்தகைய நிலையம் ஒன்று இருந்தது. மக்காவிலிருந்து திரும்பும் வழியில் அங்கு இறந்த ஹாஜிகளின் உடல்களிலிருந்து 1905-இல் பிரித்தெடுக்கப்பட்ட காலராக் கிருமி வகைக்கு ‘எல் தோர்’ என்னும் பெயரே நிலைத்துவிட்டது. மலை எனப் பொருள்படும் தூர் என்னும் அரபுச் சொல், இவ்வாறு ஒரு கிருமியின் பெயராகவும் மருத்துவ நூல்களில் ஏறியது. 1961-இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் தோன்றிய ஏழாவது உலகக் கொள்ளைநோய்க்குக் காரணமானதும் இவ்வகையே.

இத்துணைக் கொடிய நோய் எவ்வாறு கொல்கிறது என்னும் வினாவுக்கு நெடுங்காலம் சரியான விடை கிடைக்கவில்லை. அவ்விடையின் வாயிலைத் திறந்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த பேராசிரியர் சம்புநாத் தே என்னும் பெருந்தகையாவார். அன்னாரின் பெயரை நம்முள் எத்துணைப் பேர் அறிவோம்? அவருடைய ஆராய்ச்சி வாழ்வைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிருமி கிடைத்தது, விடை கிடைக்கவில்லை

1854-ஆம் ஆண்டில் இத்தாலியரான பசினி, காலராவால் மாண்டவர்களின் குடலில் வளைந்த நுண்ணுயிர்களைக் கண்டார். அதே ஆண்டில் லண்டனில் ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர், நோய் குடிநீரின் வழியே பரவுகிறது என்பதைத் தெருத் தெருவாகக் கணக்கெடுத்து நிறுவினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1884-இல், ஜெர்மனியின் ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்து, நோயாளிகளின் குடலிலிருந்து அக்கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டினார். அக்கிருமி ஏதோவொரு தனி நஞ்சைச் சுரக்கிறது, அந்நஞ்சே குடலைத் தாக்குகிறது என்று அவர் கருதினார். ஆனால் அக்கருத்தை மெய்ப்பிக்க அவரால் இயலவில்லை.

அவருக்குப் பின் வந்தவர்கள் கினிப்பன்றியின் வயிற்றறைக்குள்ளும் பிற விலங்குகளின் இரத்தக் குழாய்க்குள்ளும் கிருமியைச் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் இறந்தன, ஆனால் அவற்றுக்குப் பேதி உண்டாகவில்லை. கிருமி மடிந்து சிதையும்போது அதன் உடலுக்குள்ளிருந்து வெளிப்படும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்று ஒரு சாரார் முடிவு கட்டினர். குடலின் உள்தோல் உரிந்து விழுவதாலேயே நீர் ஒழுகுகிறது என்று மற்றொரு சாரார் நம்பினர். இவ்விரு கருத்துகளும் பாடநூல்களில் ஏறின. ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதினர். இவ்வாறு எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன.

ஹூக்லிக் கரையில்

1915-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாளில், வங்கத்தின் ஹூக்லி மாவட்டத்தைச் சேர்ந்த கரிபாட்டி என்னும் சிற்றூரில் சம்புநாத் தே பிறந்தார். செல்வக் குடும்பமன்று, தந்தையார் பெரிய வருவாய் இல்லாத வணிகர். பள்ளியில் தேறிய பின் உதவித்தொகையின் துணையாலேயே மேற்படிப்பைத் தொடர முடிந்தது. அவர் சேர்ந்த இடம் ஹூக்லி முஹ்சின் கல்லூரி.

இப்பெயரைக் கேட்கும்போது நாம் சற்று நின்று நோக்கவேண்டும். ஹூக்லியில் வாழ்ந்து 1812-இல் மறைந்த கொடைவள்ளல் ஹாஜி முஹம்மது முஹ்சின், தாய் ஒருவராய்த் தந்தை வேறான தம் சகோதரி மன்னுஜான் விட்டுச் சென்ற பெருஞ்சொத்தை 1806-ஆம் ஆண்டில் வக்ஃபாக எழுதிவைத்தார். அதன் வருவாயிலிருந்து 1836-இல் எழுந்ததே அக்கல்லூரி. ‘வந்தே மாதரம்’ இயற்றிய பங்கிம் சந்திரரும், இஸ்லாமிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற நீதிபதி சையித் அமீர் அலியும் அக்கல்லூரியில் பயின்றவர்களே. தே அங்கு அடியெடுத்து வைத்த நாளில் அது அரசின் பராமரிப்பில் இயங்கும் கல்லூரியாகியிருந்தது. எனினும் அதன் வேர் அந்த வக்ஃபில்தான் இருந்தது. ஒரு ஹாஜியார் நட்ட மரத்தின் நிழலில் நூறாண்டு கழித்து வந்து அமர்ந்த ஏழை மாணவர் ஒருவர், ஹஜ்ஜுப் பயணிகளையும் வாட்டிய நோயின் மறைவை வெளிப்படுத்தினார்! நட்டவர் இதை எண்ணியிருப்பாரா? வக்ஃபின் பயன் எங்குச் சென்று சேரும் என்பதை எழுதி வைப்பவர் அறியமாட்டார்.

அங்கிருந்து மீண்டும் உதவித்தொகை பெற்றுக் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1939-இல் மருத்துவப் பட்டமும், 1942-இல் வெப்ப மண்டல நோய் மருத்துவத்தில் பட்டயமும் பெற்றார். அக்கல்லூரியின் நோய்க்குறியியல் துறையிலேயே பயிற்றாசிரியராக அமர்ந்தார். அவருடைய ஆசிரியர் பேராசிரியர் எம். என். தே, மாணவரின் திறத்தையும் ஒழுக்கத்தையும் கண்டு தம் மகளையே அவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். 1947-இல் லண்டன் சென்று, ராய் காமரன் என்னும் புகழ்பெற்ற நோய்க்குறியியல் அறிஞரிடம் பயின்று, 1949-இல் முனைவர் பட்டத்துடன் திரும்பினார்.

லண்டனில் அவர் ஆய்ந்த பொருள் வேறு. தாயகம் திரும்பிய பின்னரே தம் வாழ்நாள் வினாவை அவர் தேர்ந்துகொண்டார். மேனாட்டில் கற்றவர் பலர் மேனாட்டு வினாக்களையே தம் நாட்டுக்குக் கொண்டுவந்து ஆராய்வது வழக்கம். தே அவர்களோ, தாம் பணிபுரிந்த நகரின் மருத்துவமனைகளில் நாள்தோறும் மக்கள் எந்நோயால் மாண்டார்களோ, அந்நோயையே எடுத்துக்கொண்டார்.

முயற்குடலில் ஒரு முடிச்சு

முன்னோரின் ஆய்வுகளை எல்லாம் ஒன்றுவிடாமல் படித்த அவர் உள்ளத்தில் ஓர் எளிய ஐயம் எழுந்தது. காலராக் கிருமி மனிதனின் இரத்தத்தில் வாழ்வதில்லையே. அது குடலுக்குள் அல்லவா தங்குகிறது? அவ்வாறாயின் அதனை இரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்தி என்ன பயன்? தேட வேண்டிய இடம் குடலே!

நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய நாளில், தம் உடனாய்வாளர் சட்டர்ஜியுடன் சேர்ந்து அவர் செய்த சோதனை இதுவே. முயலை மயக்கி, அதன் வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு துண்டத்தை இரு முனைகளிலும் நூலால் கட்டினார். இரு முடிச்சுகளுக்கும் இடைப்பட்ட பகுதிக்குள் காலராக் கிருமி வளர்ந்த நீரைச் சிறிதளவு செலுத்தினார். பின்னர் வயிற்றைத் தைத்துவிட்டு மறுநாள் திறந்து பார்த்தார். கட்டப்பட்ட துண்டம் ஊதிப் பருத்திருந்தது. உள்ளே நோயாளியின் பேதியை ஒத்த கழுநீர்! கிருமியற்ற நீர் செலுத்தப்பட்ட துண்டமோ மாற்றமின்றிக் கிடந்தது.

1953-இல் இம்முடிவு ஆங்கில நோய்க்குறியியல் இதழொன்றில் வெளிவந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. முயலும், நூலும், கத்தியும், தெளிந்த சிந்தனையுமே போதுமானவையாக இருந்தன. அன்று தொட்டு உலகின் ஆய்வுக்கூடங்களில் பேதி நோய்க் கிருமிகளைச் சோதிக்க இம்முறையே கையாளப்பட்டது.

1955-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறைத் தலைமை அவரைத் தேடி வந்தது. அடுத்த ஆண்டில், பேதி கண்ட நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ. கோலை என்னும் கிருமியை இதே முறையில் சோதித்தார். மனிதர் குடலில் இயல்பாகவே வாழும் இக்கிருமியின் சில வகைகளும் குடலில் நீர் சுரக்கச் செய்வதைக் கண்டார். அவ்வகைகள் குழந்தைகளையும் பயணிகளையும் வாட்டும் பேதிக்கு முக்கியமான காரணம் என்பதை உலகம் முழுமையாக உணர்ந்தது பல ஆண்டுகள் கழித்தே.

இனி எஞ்சி நின்றது முதன்மையான வினா. நீரைச் சுரக்கச் செய்வது உயிருள்ள கிருமியா, அல்லது அது வெளியிடும் பொருளா? கிருமி வளர்ந்த நீரை நுண்ணிய வடிகட்டியில் செலுத்திக் கிருமிகளை அறவே நீக்கினார். கிருமியற்ற அவ்வடிநீரை முயற்குடலில் செலுத்தினார். மறுநாள் அதே கழுநீர் நிரம்பியிருந்தது. ஆகவே கிருமி தன் உடலுக்கு வெளியே ஒரு நஞ்சைச் சுரக்கிறது. நோயைத் தருவது அந்நஞ்சே. காக் கருதியது எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், அவர் கிருமியைக் கண்ட அதே கல்கத்தாவில் மெய்ப்பிக்கப்பட்டது. 1959-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘நேச்சர்’ என்னும் லண்டன் இதழில் அக்கட்டுரை வெளிவந்தது. அதன் நீளம் இரண்டே பக்கங்கள்! அதே ஆண்டில் பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தில் என். கே. தத்தாவும் அவர் குழுவினரும் முயற்குட்டிகளைக் கொண்டு வேறொரு வழியில் இந்நஞ்சை நெருங்கி வந்தனர் என்பதையும் நடுவுநிலையோடு இங்குக் குறிப்பிட வேண்டும்.

உப்பும் சர்க்கரையும்

இக்கண்டுபிடிப்பால் உலகுக்கு விளைந்த நன்மை யாது என்று வாசகர் கேட்கக்கூடும். நோயைப் பற்றிய கருத்தே இதனால் மாறியது. 1960-இல் வெளியான ஆய்வொன்று, பாங்காக் நகரத்து நோயாளிகளின் குடற்தோலை உருப்பெருக்கியில் ஆராய்ந்து, அது உரிந்து விழவில்லை, முழுமையாகவே உள்ளது என்று காட்டியது. அமெரிக்க அறிஞர் ஃபிங்கல்ஸ்டீனும் அவர் துணைவரும் 1969-இல் இந்நஞ்சைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். நஞ்சு குடலின் அணுக்களில் ஒட்டிக்கொண்டு, உப்பையும் நீரையும் ஓயாது வெளியேற்றும்படி அவற்றை ஏவுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நீரை வெளியேற்றும் வாயில் திறந்து கிடக்கிறது; ஆயினும் நீரை உட்கொள்ளும் வாயில் மூடப்படவில்லை. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் குடல் அவற்றை ஏற்கிறது. அவற்றோடு நீரும் உட்செல்கிறது.

இவ்வுண்மையின் அடிப்படையில் அமைந்ததே உப்பு–சர்க்கரைக் கரைசல். இதனை ஆக்கியவர் தே அல்லர். பல நாட்டு அறிஞர் பலரின் உழைப்பு அதில் அடங்கியுள்ளது. 1968-இல் டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தில் நாலின், காஷ் என்னும் அமெரிக்க மருத்துவர்கள், ரஃபீகுல் இஸ்லாம், மஜீத் முல்லா ஆகிய வங்க மருத்துவர்களுடன் சேர்ந்து இதன் பயனை நோயாளிகளிடம் நிறுவினர். 1971-இல் போர் மூண்டு, எல்லை கடந்து வந்த அகதிகள் போன்காவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தனர். இரத்தக் குழாய் வழியே செலுத்த வேண்டிய மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மஹலனபிஸ், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து, தாய்மார் கையாலேயே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்ட இடத்தில் சாவு நூற்றுக்கு 3.6 ஆகக் குறைந்தது.

அதன் பின் 1980 முதல் 1990 வரை, வங்காளதேசத்தின் பிராக் நிறுவனத்துப் பெண் ஊழியர்கள் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்று, மூவிரல் நுனியில் எடுத்த உப்பையும் ஒரு பிடி வெல்லத்தையும் அரைச் சேர் நீரில் கரைக்கும் முறையைத் தாய்மார்க்குக் கற்றுக்கொடுத்தனர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களை அவர்கள் நாடிச் சென்றனர். வாசலைத் தாண்டி வெளிச்செல்லாத வங்க முஸ்லிம் பெண்களின் அடுக்களைக்குள்ளும் அறிவியல் இவ்வாறு நுழைந்தது.

மறதியும் மீட்பும்

உலகம் இவ்வாறு பயனடைந்துகொண்டிருந்தபோது பேராசிரியர் தே என்ன ஆனார்? 1961-இல் காலரா பற்றிய அவருடைய நூல் எடின்பரோவில் வெளிவந்தது. நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க அவரும் முயன்றார். அதற்கேற்ற கருவிகளும் துணையும் அவரிடம் இல்லை. முடிச்சிட நூல் போதும். மூலக்கூற்றைப் பிரிக்க நூல் போதாதே! 1973-இல் பணி ஓய்வு பெற்றார். அதன் பின்னும் போஸ் நிலையத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். ஆயினும் இந்திய அறிவியல் கழகங்களுள் எதுவும் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. நாட்டின் பெரும் விருது எதுவும் அவருக்குக் கிட்டவில்லை.

1978-இல் ஸ்வீடனின் நோபல் நிறுவனம் காலராவும் அதனையொத்த பேதி நோய்களும் பற்றிய 43-ஆவது கருத்தரங்கைக் கூட்டி அவரை அழைத்தது. அறுபதுகளின் தொடக்கத்திலேயே தாம் இறந்துபோனவர் என்றும், இக்கருத்தரங்கே தம்மைத் தோண்டியெடுத்து உயிர்ப்பித்தது என்றும் அங்கு அவர் கூறினார். கசப்பை நகைச்சுவையாக்கிச் சொன்ன சொல் அது. கேட்ட நெஞ்சங்களைச் சுட்டிருக்கும். 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் அன்னார் மறைந்தார்.

மறைந்த மறு ஆண்டில், அறிவியல் கட்டுரைகளின் மேற்கோள்களைக் கணக்கிடும் கலையில் முன்னோடியான யூஜின் கார்ஃபீல்டு, உலகக் காலரா ஆராய்ச்சியில் தே பெற்ற இடத்தை விரிவாக எழுதினார். பெங்களூரின் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழ் 1990-இல் அவருக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பர்க், அப்பரிசுக்குத் தே அவர்களின் பெயரைத் தாம் ஒரு முறைக்கு மேல் பரிந்துரைத்ததை அறிவித்தார். உள்ளூர் உணராத பெருமையை அயலூர் உணர்த்தவேண்டி வந்தது!

இம்மறதிக்குக் காரணம் என்ன? ஒருவரை மட்டும் குற்றஞ்சாட்டிப் பயனில்லை. தே அவர்கள் தம்மைத் தாமே பறைசாற்றும் இயல்பினரல்லர். பெரிய ஆய்வுக்கூடமோ, மாணவர் பட்டாளமோ, அதிகாரச் செல்வாக்கோ அவருக்கு அமையவில்லை. கருவியின் விலையைக் கொண்டு ஆராய்ச்சியின் உயர்வை மதிப்பிடும் பழக்கம் நம்மவரிடம் ஊறியிருந்தது. மேனாட்டார் முத்திரை குத்தினாலன்றி உள்நாட்டுப் பொன்னையும் பித்தளை என்று கருதும் மனப்பான்மையும் சேர்ந்துகொண்டது. இதனால் இழந்தவர் தே மட்டுமல்லர். 1959-இலேயே அவருக்குக் கருவியும் துணையும் அளித்திருந்தால், நஞ்சைத் தூய்மைப்படுத்தும் பணி கல்கத்தாவிலேயே நிறைவேறியிருக்கக் கூடும். அதற்குப் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டி வந்திராது. அறிஞரை மறப்பது நன்றி மறப்பது மட்டுமன்று. அவர் செய்திருக்கக்கூடிய பணிகளையும் இழப்பதாகும்.

காலரா இன்னும் ஒழிந்துவிடவில்லை. ஆண்டுதோறும் 21,000 முதல் 1,43,000 பேர் வரை அதனால் மாள்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. யமன் நாட்டில் 2016-இல் மூண்ட நோய், 2017-ஆம் ஆண்டு முடிவதற்குள் பத்து லட்சம் பேரைப் பற்றியதாகக் கருதப்பட்டது. போரும் வறுமையும் தூய நீரின்மையும் சேரும் இடங்களில் அது பதுங்கிக் காத்திருக்கிறது. அங்கெல்லாம் முதல் மருந்தாக நிற்பது அந்தக் கரைசலே. ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, பேதி கண்டவருக்குச் சிறிது சிறிதாகப் புகட்டிக்கொண்டே மருத்துவரை நாடவேண்டும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்து வைத்திருத்தல் நலம்.

பயன் தரும் கல்வியை, ஓடிக்கொண்டேயிருக்கும் தர்மங்களுள் ஒன்றாக நம் பெரியோர் எண்ணினர். ஹாஜி முஹ்சினின் வக்ஃபு அவ்வாறே ஓடியது. அதன் கரையில் கற்ற சம்புநாத் தே அவர்களின் ஆய்வும் அவ்வாறே ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றிரவு எங்கோ ஒரு குடிசையில், பேதியால் துவண்ட குழந்தைக்குத் தாய் ஒருத்தி கரண்டி கரண்டியாக நீர் புகட்டிக்கொண்டிருப்பாள். விடியற்காலையில் குழந்தை கண் திறக்கும். அத்தாய் அவ்வறிஞரின் பெயரை அறிந்திருக்கமாட்டாள். படித்த நாமேனும் அறிந்து, நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போமாக!